கஞ்சாவும் மருந்தும் சட்டமும்

கஞ்சா என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது, லயத்துக்குப் பின்னால் குந்திப் புகைக்கும் ஒரு வீணனின் உருவம்; அதற்கடுத்துச் சிறைக்கதவும் தூக்குமரமும். அதைக் குழந்தைகளுக்குரிய மருந்து என்று எவரேனும் சொல்வாராயின், சொல்பவருடைய புத்தியிலேயே நமக்குச் சந்தேகம் பிறக்கும். ஆயினும் அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் இஸ்ரேலிலும், ஆட்டிசம் என்னும் நிலையுடைய பிள்ளைகள் சிலர், கஞ்சாச் செடியிலிருந்து எடுத்த எண்ணெயை வைத்தியரின் அனுமதியோடு உட்கொண்டு வருகின்றனர். சட்டமே அதற்கு இடங்கொடுத்திருக்கிறது. ஒரே செடி ஓரிடத்தில் மருந்தாகவும் மற்றோரிடத்தில் மரண தண்டனைக்குரிய பொருளாகவும் ஆன விதத்தை ஆராயப் புகுந்தால், விஞ்ஞானம் செய்த வேலையைக் காட்டிலும் குமாஸ்தாக்களின் பேனா செய்த வேலையே அதிகம் என்பது தெரியவரும். நாமும் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவராதலின், இதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறோம்.

ஆட்டிசம் என்பதைச் சிலர் மதியிறுக்கம் என்று தமிழில் வழங்குவர். அது தொற்றிப் பரவும் வியாதியன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த வேறுபாடு. பேசுவதிலும், பிறர் குறிப்பறிந்து பழகுவதிலும், ஓசை வெளிச்சம் முதலியவற்றைத் தாங்குவதிலும் அவ்வேறுபாடு வெளிப்படும். இந்நிலையுடையோரில் பலர் படித்து உத்தியோகம் பார்த்துக் குடும்பம் நடத்துகின்றனர். வேறு சிலரோ வாய்பேசாமல், இரவெல்லாம் உறங்காமல், தலையைச் சுவரில் மோதிக்கொண்டும் கையைக் கடித்துக்கொண்டும் துன்புறுகின்றனர். வலிப்பும் சிலருக்குச் சேர்ந்து வருகிறது. ஆட்டிசத்தை மாற்றும் மருந்து உலகத்தில் கிடையாது. கஞ்சா எண்ணெயைப் பற்றிய பேச்செல்லாம் அதனோடு சேர்ந்து வரும் இத்துன்பங்களைத் தணிப்பதைப் பற்றியதே. இதை முதலிலேயே சொல்லிவிட்டோம். சந்தையில் கூவி விற்கும் மனிதர் சொல்லமாட்டார்கள்.

இச்சரித்திரம் கல்கத்தாவில் தொடங்குகிறது. அங்கே மருத்துவக் கல்லூரியில் ரசாயன ஆசிரியராக இருந்த வில்லியம் புரூக் ஓஷானஸி என்னும் ஐரிஷ்காரர், 1839-ம் வருஷத்தில் கஞ்சாவைப் பற்றித் தாம் செய்த பரிசோதனைகளை எடுத்துரைத்தார். அவருக்கு அப்போது வயது முப்பது. நாட்டு வைத்தியரும் ஹக்கீம்களும் கஞ்சாவை எவ்வெவற்றுக்குக் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தார். பழைய நூல்களைப் படிப்பித்துக் கேட்டார். பின்னர் நாய் முதலிய பிராணிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பின்னரே மனிதருக்குக் கொடுத்தார். முன்னோர் சொல்லிவிட்டனர் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பவுமில்லை. சுதேசிகளின் மூடத்தனம் என்று தள்ளவுமில்லை. நம்மில் வைத்தியம் பேசுவோர் இரு திறத்தாரும் அவரிடம் கற்கலாம்.

அவர் குறித்து வைத்த நோயாளிகளுள் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது ஒரு பெண் குழந்தை. பிறந்து நாற்பது நாளே ஆன அச்சிசுவுக்கு ஓயாமல் வலிப்பு வந்துகொண்டிருந்தது. அக்கால முறைப்படி செய்த சிகிச்சைகள் பலிக்கவில்லை. பெற்றோரின் சம்மதத்தின்மேல், கஞ்சாவைச் சாராயத்தில் கரைத்த மருந்தில் ஒரே ஒரு துளியை எடுத்துக் குழந்தையின் நாவில் வைத்தார் ஓஷானஸி. அளவைப் படிப்படியாகக் கூட்டினார். எதிர்பாராத மயக்கம் வந்தபோது அஞ்சி நிறுத்தினார். முடிவில் வலிப்பு நின்றது. ஒரு குழந்தை பிழைத்ததை வைத்து மருந்தின் குணத்தை நிச்சயிக்கலாகாது, தானாகவும் நின்றிருக்கலாம். ஆனால் வலிப்புடைய குழந்தைக்குக் கஞ்சா கொடுத்ததை ஒரு மேனாட்டு வைத்தியர் நாள்தோறும் குறித்துவைத்த குறிப்பு 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அச்சேறிவிட்டது என்பது சாமான்ய விஷயமன்று. பிற்காலத்தில் இந்தியாவின் தந்திக் கம்பிகளை நட்டுப் பெயர்பெற்றவரும் இதே ஓஷானஸிதான்.

அவர் லண்டனுக்குக் கொண்டுபோன கஞ்சாவிலிருந்து பீட்டர் ஸ்குவயர் என்னும் மருந்துக்கடைக்காரர் ஒரு சத்து இறக்கினார். அது முதல் ஐரோப்பிய, அமெரிக்க மருந்துக்கடைகளில் கஞ்சாத் தைலம் ஒரு சாதாரணச் சரக்காயிற்று. ஆனால் அதில் ஒரு குறை இருந்தது. ஒரு புட்டியில் இருந்த வீரியம் மறுபுட்டியில் இராது. எந்தப் பொருள் வேலை செய்கிறது என்பதே தெரியாதபோது அளவு எப்படி நிதானப்படும்? தண்ணீரில் கரையாததால் ஊசி வழியாகச் செலுத்தவும் இயலவில்லை. ஆஸ்பிரின் முதலிய புது மருந்துகள் வந்ததும் வைத்தியர்கள் கஞ்சாவை மெல்ல மறந்தனர். சட்டம் வந்து தடுப்பதற்கு முன்னமே அம்மருந்து தன் பலவீனத்தால் தளர்ந்திருந்தது என்பதை, இக்காலத்தில் எல்லாப் பழியையும் சட்டத்தின்மேலேயே போடுவோர் மறந்துவிடுகின்றனர்.

இனிக் குமாஸ்தாவின் பேனாவுக்கு வருவோம். 1893-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில், வில்லியம் கெயின் என்னும் மதுவிலக்குப் பிரசாரகர் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஒரு கேள்வி கேட்டார். கஞ்சாவினால் இந்தியரின் ஒழுக்கமும் உடலும் கெடுகின்றனவா என்று விசாரிக்க வேண்டுமென்பது அதன் சாரம். அவ்வருஷமே மக்வர்த் யங் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஏழு பேர் அடங்கிய கமிஷன் நியமிக்கப்பட்டது. அவர்களுள் மூவர் இந்தியர். சென்னை ராஜதானி உட்பட நாடெங்கும் 1,193 பேருடைய சாட்சியம் வாங்கி, மூவாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அறிக்கையை 1894-ல் முடித்தார்கள். மிதமாக உட்கொள்வோருக்குத் தீங்கு இல்லையென்றே சொல்லலாம், மிதமிஞ்சினால் கேடு உண்டு, முழுத்தடை அவசியமுமன்று உசிதமுமன்று என்பது அவர்கள் முடிவு. இம்முடிவைப் பெரிதாக எடுத்துக்காட்டுவோர் பலர். கமிஷனை நியமித்த சர்க்காருக்குக் கஞ்சா வரியினால் நல்ல வருமானம் வந்துகொண்டிருந்தது என்பதையும் அவர்கள் கூடவே சொன்னால் நன்றாயிருக்கும்.

முடிவைக் காட்டிலும் நம்மைக் கவர்ந்தது, பைத்தியசாலைக் கணக்குகளை அவர்கள் சோதித்த விதம். கஞ்சா பைத்தியத்தை உண்டாக்குகிறது என்பதற்கு அதுவரை காட்டப்பட்ட அத்தாட்சி அக்கணக்குகளே. தெருவில் திரிந்த ஒருவனைப் போலீசார் பிடித்து அனுப்புவார்கள். அவனோடு ஒரு பாரமும் போகும். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம். அவன் ஊர் பேர் தெரியாது, உற்றார் இல்லை, கட்டமோ நிரம்பியாக வேண்டும். கஞ்சா புகைப்பவன் என்று எவனாவது சொல்லியிருந்தால் போதும், 'கஞ்சா' என்று எழுதியாயிற்று. பைத்தியசாலையில் அதைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றினார்கள். பேரேட்டிலிருந்து வருஷாந்தர அறிக்கைக்கு ஏறியது. அறிக்கையிலிருந்து பார்லிமெண்டுக்கு ஏறியது. 1892-ம் வருஷத்தில் இவ்வாறு கஞ்சாவின் கணக்கில் எழுதப்பட்டிருந்தவர்கள் 222 பேர். கமிஷன் ஒவ்வொருவருடைய விருத்தாந்தத்தையும் மறுபடி விசாரித்தபோது, கஞ்சாவோடு சம்பந்தப்படுத்தத் தக்கவர்கள் நூற்றுக்கும் குறைவாகவே நின்றார்கள்.

காலையில் பெரட்டுக்கு வராதவன் பெயருக்கு நேரே ஏதேனும் ஒரு காரணம் எழுதியே தீரவேண்டிய கிராணிக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. 'சுகமில்லை' என்று நாம் எழுதிய நாட்களில் எத்தனை நாள் உண்மையிலேயே சுகமில்லாமல் இருந்தது என்று நம்மைக் கேட்டால் விழிக்கத்தான் வேண்டும்.

இந்தியாவில் திருத்தப்பட்ட இந்தத் தவறு எகிப்தில் திருத்தப்படவில்லை. கெய்ரோ பைத்தியசாலையிலும் அதே வகைக் கணக்குத்தான் எழுதப்பட்டு வந்தது. 1924-ம் வருஷக் கடைசியில் ஜினீவாவில் அபினியைக் குறித்துச் சர்வதேச மகாநாடு கூடியபோது, நிகழ்ச்சி நிரலில் இல்லாத கஞ்சாவை எகிப்தியப் பிரதிநிதி எல் கிண்டி எழுப்பினார். தம் நாட்டுப் பைத்தியங்களில் நூற்றுக்கு 30 முதல் 60 வரை அதனால் விளைந்தவை என்றார். முப்பது வருஷத்துக்கு முன் ஏழு பேர் ஊர் ஊராகத் திரிந்து தொகுத்த மூவாயிரம் பக்கங்கள் அச்சபையின் முடிவை மாற்றவில்லை. 1925 பிப்ரவரி மாதத்தில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் கஞ்சாவும் சேர்ந்தது. வைத்திய உபயோகத்துக்கு அவ்வொப்பந்தம் இடம் வைத்திருந்தது உண்மை; ஆனால் அபினியோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்ட பெயர் பின்னர் அவ்வரிசையிலிருந்து நகரவில்லை.

1937-ல் அமெரிக்கா வரிச்சட்டம் என்ற போர்வையில் கஞ்சாவை அடக்கியது. அமெரிக்க வைத்திய சங்கத்தின் சார்பில் வாட்வர்டு என்பவர் சபைமுன் தோன்றி, வைத்தியர்களைக் கலந்துகொள்ளாமலே இம்மசோதாவைத் தயார் செய்திருக்கிறீர்கள் என்று ஆட்சேபித்தார். அதற்காக அங்கத்தினர்களின் கோபத்துக்கும் ஆளானார். சட்டம் நிறைவேறிற்று. 1942-ல் அந்நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட மருந்து நூலிலிருந்தும் கஞ்சாவின் பெயர் எடுபட்டது.

அதற்கு அடுத்த வருஷம், 1943-ல், பால்ட்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்னும் குழந்தை மனோவைத்தியர், பதினொரு குழந்தைகளின் வரலாற்றை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஆட்டிசம் என்ற பெயர் குழந்தைகளின் நிலையைக் குறிக்க நிலைபெற்றது அதிலிருந்துதான். ஆக, மருந்து நூலிலிருந்து செடி வெளியேறிய பின்னர்தான் இக்குழந்தைகள் வைத்திய நூலுக்குள் நுழைந்தார்கள். ஒன்றையொன்று சந்திக்க எழுபது வருஷம் பிடித்தது.

அவ்வெழுபது வருஷத்திலும் இக்குழந்தைகளின் கணக்கில் 'காரணம்' என்னும் கட்டம் சும்மா இருக்கவில்லை. நம் தோட்டங்களில் முன்வினை என்றார்கள், சாமி குற்றம் என்றார்கள், கர்ப்பத்தில் தாய் எதையோ பார்த்துப் பயந்தாள் என்றார்கள். படித்த மேனாட்டாரோ தாயின் அன்பு குளிர்ந்துபோனதே காரணம் என்று எழுதினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் ஒரு பெரிய புஸ்தகமே போட்டார். பாஷைதான் வேறு, பழி விழுந்த தலை ஒன்றே. இப்பழியை விஞ்ஞான முறையில் முதலில் உடைத்த பெர்னார்டு ரிம்லண்டு என்பவர், ஆட்டிசமுடைய மகனைப் பெற்ற தகப்பன். மூளையின் அமைப்பே காரணம் என்று வாதித்த அவருடைய நூல் 1964-ல் வெளிவந்தது. அதே ரிம்லண்டு 2003-ல் தம் பத்திரிகையில், கஞ்சா ஆட்டிசத்துக்குப் பயன்படுமா என்ற கேள்வியை எழுப்பிக் கட்டுரை எழுதினார்; பெற்றோர் சிலர் அவருக்குச் சொல்லிய அனுபவங்களே அதற்குத் தூண்டுதல்.

இடையில் ரசாயன சாஸ்திரம் தன் வேலையைச் செய்தது. இஸ்ரேலில் ரபேல் மெஷூலாம், போலீசார் பறிமுதல் செய்திருந்த கஞ்சாப் பிசினை ஐந்து கிலோ கேட்டு வாங்கிவந்து ஆராய்ந்தார். 1963-ல் கன்னபிடையால் என்னும் பொருளின் அமைப்பையும், 1964-ல் போதையைத் தரும் டி.எச்.சி. என்னும் பொருளையும் அவரும் அவருடைய சகாக்களும் தெளிவாக்கினர். ஓஷானஸியின் புட்டிகள் ஏன் ஒன்றுபோல் இருக்கவில்லை என்பதற்கு விடை கிடைத்தது. போதை தருவது ஒன்று. கன்னபிடையாலில் அப்போதை இல்லை. 1980-ல் பிரேசிலில் வலிப்பு நோயாளர் பதினைந்து பேரை வைத்து ஒரு சிறு பரிசோதனை நடந்தது. கன்னபிடையால் உட்கொண்ட எட்டுப் பேரில் நால்வருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது, மூவருக்குக் குறைந்தது. இத்தகைய செய்தி வேறெந்தச் செடியைப் பற்றி வந்திருந்தாலும் உலகத்து மருந்துக் கம்பெனிகள் ஓடிவந்திருக்கும். ஆனால் 1961-ம் வருஷத்துச் சர்வதேச ஒப்பந்தம் கஞ்சாவை அதன் நான்காவது அட்டவணையில் ஹெராயினுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தது. அட்டவணையில் அங்கே இருப்பதால் ஆராய்ச்சி இல்லை. ஆராய்ச்சி இல்லாததால் அட்டவணையிலிருந்து எடுக்க ஆதாரம் இல்லை. முப்பது வருஷம் இப்படியே கழிந்தது.

வழியைத் திறந்தவர்கள் தாய்தந்தையர். கொலராடோவில் ஒரு சிறுமியின் கொடிய வலிப்பு கன்னபிடையால் மிகுந்த எண்ணெயால் தணிந்ததென்ற செய்தி 2013-ல் தொலைக்காட்சியில் பரவியதும், குடும்பங்கள் வீடுவாசலை விட்டு அம்மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தன. பின்னர் முறையான பரிசோதனைகள் நடந்தன. டிராவே நோய் என்னும் வலிப்புடைய 120 பேரிடம் செய்த சோதனை 2017-ல் வெளியாயிற்று: மருந்து பெற்றோருக்கு மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்பின் நடு அளவு 5.9 ஆகக் குறைந்தது. வெறும் மருந்து பெற்றோருக்கு 14.9 என்பது 14.1 ஆயிற்று. 2018 ஜூன் மாதம் எபிடையோலெக்ஸ் என்னும் பெயரில் அமெரிக்க சர்க்கார் அம்மருந்தை அங்கீகரித்தது. ஓஷானஸியின் ஒரு துளிக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழ 180 வருஷம்.

ஆட்டிசத்துக்கு இத்தகைய அங்கீகாரம் கிடைக்கவில்லை. அதன் வழி வேறாயிற்று. அமெரிக்க மாநிலங்களில் வைத்தியக் கஞ்சாச் சட்டங்கள் பலவற்றில் ஒரு பட்டியல் இருக்கும்; அப்பட்டியலில் உன் நோயின் பெயர் இருந்தால் மருந்து உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஆகவே பெற்றோரின் போராட்டமெல்லாம் ஒரு சொல்லைப் பட்டியலில் எழுதுவிக்கும் போராட்டமாக முடிந்தது. 2016-ல் பென்சில்வேனியா தன் முதற் சட்டத்திலேயே ஆட்டிசத்தை எழுதியது. டெக்சாசில் 2014-ல் தாய்மார்கள் இதற்கென்றே ஒரு சங்கம் கண்டனர். 2015-ல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் தீராத வலிப்பு ஒன்றை மட்டும் ஏற்றது. வலிப்பில்லாத ஆட்டிசப் பிள்ளை வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டான். 2019-ல்தான் ஆட்டிசமும் சேர்ந்தது. கொலராடோவில் 2018-ல் இரு சபைகளும் நிறைவேற்றிய மசோதாவைக் கவர்னர் ஹிக்கன்லூப்பர், வளரும் மூளைக்கு என்ன கேடு வருமோ தெரியவில்லை என்று சொல்லி நிராகரித்து, ஆராய்ச்சிக்கு உத்தரவிட்டார். அடுத்து வந்த கவர்னர் ஜாரெட் போலிஸ் 2019 ஏப்ரலில் அத்தகைய மசோதாவில் கையெழுத்திட்டார். ஹிக்கன்லூப்பரைக் கல்நெஞ்சர் என்று ஏசினவர் உண்டு. நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமானது. விடை தெரியும்வரை அப்பிள்ளைகளுக்கு மயக்க மருந்துகளை வழக்கம்போல் கொடுத்துக்கொண்டிருப்பதில் மட்டும் கேடில்லையா என்று தாய்மார்கள் கேட்டதும் நியாயமே.

2020 டிசம்பர் 2-ந் தேதி ஐக்கிய நாட்டுச் சபையின் போதைப்பொருள் கமிஷன் 27-க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை நான்காவது அட்டவணையிலிருந்து எடுத்தது. இந்தியா எடுக்கும் பக்கத்தில் வாக்களித்தது. கண்டிப்பான முதல் அட்டவணையில் அது இன்னும் இருக்கிறது.

மலேசியாவில் 1952-ம் வருஷத்து அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின்படி, 200 கிராம் கஞ்சா ஒருவரிடம் இருந்தால் அவர் கடத்தல்காரர் என்றே அனுமானிக்கப்படுவார். 1983 முதல் கடத்தலுக்குத் தூக்கு கட்டாயமாக இருந்தது. 2023 ஜூலையில்தான் அக்கட்டாயம் முற்றிலும் நீங்கியது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. எண்ணெய்ப் புட்டியை மருந்தென்று நம்பி அஞ்சலில் தருவிக்க நினைக்கும் தாயோ தகப்பனோ இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும். நோக்கம் நல்லதென்பதைச் சட்டம் கவனிக்காது. ஆயினும் 2021 நவம்பரில் மலேசிய சுகாதார மந்திரியாக இருந்த கைரி ஜமாலுடின் நாடாளுமன்றத்துக்கு அளித்த பதிலில், போதிய விஞ்ஞான ஆதாரத்தோடு விண்ணப்பித்துப் பதிவு பெற்றால் கஞ்சாவிலிருந்து செய்த மருந்தை வைத்தியத்துக்குப் பயன்படுத்த நடப்புச் சட்டங்கள் தடை செய்யவில்லை என்றார். கதவில் பூட்டில்லை என்பதுதான் இதன் பொருள். ஆனால் அந்த ஆதாரத்தைக் கட்டித் தூக்கிக்கொண்டு வரக்கூடியவர் பணமுள்ள கம்பெனியார். லயத்து வீட்டில் இராமுழுதும் விழித்திருக்கும் தாயல்லள்.

அந்த ஆதாரந்தான் எவ்வளவு இருக்கிறது? இஸ்ரேலில் 188 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்ட ஒரு குறிப்பு, ஆறு மாத முடிவில் விவரம் தந்தவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்குக் குணம் தெரிந்ததாகச் சொல்கிறது. பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. வெறும் மருந்தோடு ஒப்பிட்டுப் பாராத கணக்கு அது. தவிரவும் ஆறு மாதத்தில் பலர் கணக்கிலிருந்தே விழுந்துவிட்டனர். எருசலேமில் ஷாரே ஸெதெக் வைத்தியசாலையார் 5 முதல் 21 வயதுவரையுள்ள 150 பேரிடம் செய்து 2021-ல் வெளியிட்ட சோதனையே உறுதியானது. அதில் யாருக்கு எது கொடுபடுகிறதென்று வைத்தியருக்கும் பெற்றோருக்கும் தெரியாது. கன்னபிடையால் இருபது பங்கும் டி.எச்.சி. ஒரு பங்குமாக உள்ள முழுச்செடிச் சத்தைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 49 பேரிடம் முரட்டு நடத்தை நன்றாகத் தணிந்ததென்று வைத்தியர்கள் மதிப்பிட்டனர். வெறும் எண்ணெய் பெற்றவர்களில் 21 பேர். முதன்மையாக வைத்துக்கொண்ட மற்றோர் அளவையிலோ இரு சாராருக்கும் வித்தியாசமே காணப்படவில்லை. உறக்கக் கலக்கமும் பசிக்குறைவும் சிலருக்கு வந்தன.

வித்தியாசம் காணாத அந்த அளவை, வீட்டில் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்று பெற்றோர் நிரப்பும் வினாத்தாள். இன்னொரு வினாத்தாள் பெற்றோர்க்குள்ள மனச்சுமையை அளப்பது. மூன்றாவது, பிள்ளை பிறரோடு பழகும் விதத்தைப் பற்றிப் பெற்றோரே சொல்வது. நான்காவது வைத்தியரின் மதிப்பீடு. மருந்தை விழுங்கியவர்களில் 21 வயதை எட்டியவர்களும் இருந்தார்கள். எண்ணெய் குடித்தபின் உனக்கு உள்ளே எப்படியிருந்தது என்று அவர்களைக் கேட்டு எழுத, அந்நான்கு தாள்களில் ஒரு கட்டமும் இல்லை.